சாக்குமூட்டையும் சங்கீதமும்: இத்தாலிய ஓபராவைப் படிக்கும் முறை



இந்த அறக்கட்டளைப் பேச்சுக்கு நான் தலைப்பைச் சொன்னதும் பொறுப்பாளர் கொஞ்சம் தயங்கினார். "இத்தாலிய ஓபராவா? நடுவில் பாடிக் காட்டுவீர்களோ?" என்று கேட்டார். பாடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் அழைப்பிதழ் அச்சுக்குப் போனது. வாக்கை மீறப்போவதில்லை; அதனால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.

முதலில் பெயரில் இருக்கும் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். ஓபரா என்பதைத் தமிழில் 'இசை நாடகம்' என்று எழுதிவிடுகிறோம். அகராதிக்கு அது போதும். ஆனால் இசை நாடகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது சங்கரதாஸ் சுவாமிகளின் மேடை. அங்கே வள்ளி பேசுவாள், வாதாடுவாள். பேச்சு சூடேறும் இடத்தில் பாட்டு பிறக்கும். எது பேச்சு, எது பாட்டு என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. இத்தாலிய ஓபராவில் இந்த வரப்பே கிடையாது. விளக்கைக் கொண்டுவா என்று வேலைக்காரியிடம் சொல்வதும் பாட்டு. நெஞ்சு வெடித்துச் சாவதும் பாட்டு. எல்லோரும் பாடிக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் தாங்கள் பாடுவது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் உலகத்தில் அது வெறும் பேச்சு. இந்த விநோதத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். ஒரு சாக்குமூட்டையின் மர்மம் இதை வைத்துத்தான் வெளிப்படப் போகிறது.

கதை அபத்தம், பாட்டு அபாரம் என்பது ஓபரா பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் தீர்ப்பு. நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டுவந்தேன். ஒரு ஒலிநாடாவில் பத்துப் பன்னிரண்டு பாட்டுகள். படத்தைப் பார்க்காமல் சினிமாப் பாட்டு கேட்கிற சுகம் அது, அதில் தவறொன்றும் இல்லை. பிறகுதான் பழைய லிப்ரெட்டோ ஒன்று கைக்குக் கிடைத்தது. லிப்ரெட்டோ என்றால் சிறு புத்தகம் என்று பொருள்; ஓபராவின் செய்யுள் முழுவதும் அதில் அச்சாகியிருக்கும். காட்சி நடக்கும்போது அரங்கை இருட்டாக்கும் பழக்கம் வராத காலத்தில், ரசிகர்கள் அதை வாங்கிக் கையில் வைத்துப் படித்துக்கொண்டே நாடகம் பார்த்தார்கள். மெழுகு சொட்டிய கறையோடு அப்படிப்பட்ட பிரதிகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன.

என் பிரதியில் சில வரிகளின் ஓரத்தில் மேற்கோள்குறி இருந்தது. பழங்கவிஞர் யாருடைய வரிகளையோ எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, யாருடையவை என்று இரண்டு நாள் தேடினேன். பிறகுதான் விவரம் தெரிந்தது. கவிஞர் எழுதிக் கொடுத்து, இசையமைக்காமலோ பாடாமலோ விடப்பட்ட வரிகளுக்கு அந்தக் குறி. மேடையில் கேட்காது, படித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். இரண்டு நாள் வீணாய்ப் போனாலும் ஒரு பாடம் கிடைத்தது: ஓபரா என்பது ஒரே பிரதி கிடையாது. கவிஞர் எழுதியது ஒன்று, தணிக்கை விட்டது ஒன்று, பாடகி பாடச் சம்மதித்தது ஒன்று. இவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில்தான் படிப்பவருக்கு வேலை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபுளோரன்ஸ் நகரத்துக் கற்றோர் சிலர், கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் சொல்லும் இசையும் எப்படி இணைந்திருக்கும் என்று வாதித்துக்கொண்டிருந்தார்கள். வானியலாளர் கலிலியோவின் தந்தை வின்சென்ஸோ கலிலேயி அவர்களில் ஒருவர். பல குரல்கள் பின்னிப் பாடினால் சொல் செத்துவிடும், ஒரே குரல் பேச்சை ஒட்டிப் பாடவேண்டும் என்பது அவர் கட்சி. அந்தச் சூழலில் 1600 அக்டோபரில் மரியா தே மெடிச்சிக்கும் பிரான்சின் நான்காம் ஹென்றிக்கும் நடந்த திருமணத்தை ஒட்டி 'எயுரிதிச்சே' என்ற ஓபரா மேடையேறியது. 1607-இல் மான்டுவா அரண்மனையில் மான்டெவெர்டியின் 'ஓர்ஃபெயோ'. இதுவரைக்கும் ஓபரா அரசவை விருந்துக்கான பலகாரம்.

1637-ஆம் ஆண்டுதான் எனக்கு முக்கியம். வெனிஸில் சான் கஸ்ஸியானோ அரங்கம் காசு கொடுத்த எவருக்கும் கதவைத் திறந்தது. செல்வக் குடும்பங்கள் மாடத்து அறைகளை ஆண்டு வாடகைக்கு எடுத்தன, மற்றவர்களுக்கு நுழைவுச்சீட்டு. கார்னிவல் பருவத்தில் ஊருக்குள் வந்து குவியும் வெளியூர்க் கூட்டத்தை நம்பி நடந்த வியாபாரம் அது. அரசன் கொட்டாவி விட்டாலும் அரண்மனையில் நாடகம் தொடரும். சீட்டு வாங்கியவன் கொட்டாவி விட்டால் மறுவருடம் கடையை மூடவேண்டியதுதான். இத்தாலிய ஓபராவின் நாடக உத்தி முழுவதும், என் கருத்தில், இந்தக் கவலையிலிருந்து பிறந்தது. நேப்பிள்ஸில் சான் கார்லோ 1737-இல், மிலானில் லா ஸ்காலா 1778-இல் திறந்தன. எல்லாம் இதே பிழைப்பின் கிளைகள்.

இனி உத்திக்கு வருவோம். ஓபராவில் இரண்டு விதமான நேரம் ஓடுகிறது. செய்தி வருவது, சண்டை மூள்வது, முடிவெடுப்பது எல்லாம் ரெச்சிட்டாட்டிவோ எனப்படும் பேச்சொட்டிய பாடலில் நடக்கும். அங்கே கடிகாரம் ஓடும். ஆரியா என்ற தனிப்பாட்டு வந்தால் கடிகாரம் நிற்கும். ஒருத்தி தன் கோபத்தையோ ஏக்கத்தையோ ஐந்து நிமிடம் விரித்துப் பாடுவாள். சாகப்போகிறவள் இவ்வளவு நேரம் பாடுவாளா என்று கேலி செய்பவர்கள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள். அவளுடைய உலகத்தில் அது ஒரு மூச்சு நேரம்.

18-ஆம் நூற்றாண்டில் மெட்டாஸ்டாசியோ இந்த முறையைக் கடைந்தெடுத்தார். ரோமில் பிறந்து, 1730-இலிருந்து 1782-இல் இறக்கும்வரை வியன்னா அரசவைக் கவிஞராக இருந்தவர். ஒரே லிப்ரெட்டோவுக்குப் பல இசையமைப்பாளர்கள் மாற்றி மாற்றி இசை போட்டார்கள். அவர் நாடகங்களில் பாத்திரம் ஆரியாவைப் பாடி முடித்ததும் மேடையை விட்டுப் போய்விடும். கைதட்டலை வாங்கிக்கொண்டு போக அதுதான் வசதி. ஆகவே ஒவ்வொரு காட்சியும், இந்த நேரத்தில் இவர் வெளியேற என்ன காரணம் காட்டலாம் என்ற கணக்கில் எழுதப்பட்டது. பெரிய பாடகர்களுக்கு எத்தனை ஆரியா, சிறியவர்களுக்கு எத்தனை என்று வரிசைமுறை உண்டு. துணைப் பாத்திரத்துக்குக் கொடுத்த பாட்டுக்கு 'சர்பத் ஆரியா' என்று பெயர், அந்த நேரத்தில் கூட்டம் குளிர்பானம் வாங்கப் போய்விடுவதால். தனக்குப் பேர் வாங்கித் தந்த பாட்டை ஊர் ஊராக எடுத்துப்போய் எந்த நாடகத்திலும் செருகிப் பாடும் பாடகர்களும் இருந்தார்கள். அந்தப் பாட்டுக்குப் 'பெட்டி ஆரியா' என்று பெயர். நம் கச்சேரி உலகத்தை அறிந்தவர்கள் இதில் அதிர்ச்சி அடைய மாட்டார்கள்.

மெட்டாஸ்டாசியோவின் வழியில் ஒரு சங்கடம்: நிற்பதும் ஓடுவதும் தனித்தனியாகக் கிடக்கின்றன. ரோஸினியின் தலைமுறை இரண்டையும் ஒரே உருப்படிக்குள் கொண்டுவந்தது. ஒரு தனிப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னுரையாகச் சில வரிகள். பிறகு கன்டாபிலே என்ற நிதானமான பகுதி, நேரம் நிற்கிறது. அடுத்து இடைத்திருப்பம்: யாரோ ஓடிவருவார்கள், கடிதம் வரும், அல்லது மனமே புரளும். அந்தத் தாக்கத்தில் கபலெத்தா என்ற விரைவான பகுதி, பெரும்பாலும் இரண்டு தடவை. இருவர் பாடினால் முன்னுரைக்குப் பதில் தொடக்க மோதல் ஒன்று வரும். ஆக, ஓட்டம், நிறுத்தம், ஓட்டம், நிறுத்தம்.

வெர்டியின் 'லா திராவியாத்தா' (1853) முதல் அங்கத்தின் முடிவில் வயொலெத்தா தனியாக நிற்கிறாள். ஒருவேளை இதுதான் காதலோ என்று நிதானமாக ஏங்குகிறாள். பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே வெட்டிவிட்டுச் சுதந்திரத்தைக் கொண்டாடும் கபலெத்தாவுக்குப் பாய்கிறாள். உருவம் துளியும் பிசகவில்லை. ஆனால் அந்தக் கொண்டாட்டத்தின் நடுவில் மாடத்துக்குக் கீழேயிருந்து ஆல்ஃபிரெடோவின் குரல் நுழைகிறது. கபலெத்தா அவளுக்கே உரியது, அங்கே அந்நியனுக்கு இடமில்லை என்று பழகிய காது, அந்தக் குரலைக் கேட்டதும் அவள் தோற்றுவிட்டாள் என்று தெரிந்துகொள்ளும். லிப்ரெட்டோவில் அதைச் சொல்ல ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை.

இந்த உருவம் அச்சிலேயே தெரியும் என்பது மாணவர்களுக்கு நல்ல செய்தி. ரெச்சிட்டாட்டிவோவுக்கு ஏழும் பதினொன்றும் அசைகள் கலந்து வரும், இயைபு கட்டாயமில்லை. பாட்டுப் பகுதிக்கு ஒரே அளவான அடிகள், இயைபு, பத்தி பிரித்த செய்யுள். கையில் பென்சிலோடு உட்கார்ந்தால், ஒரு சுரம் காதில் விழாமலே கடிகாரம் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்று குறித்துவிடலாம். யாப்பு படித்தவர்களுக்கு இது இரண்டு நாள் பயிற்சி.

இந்த அமைப்புக்கு இன்று ஆய்வாளர்கள் வழங்கும் பெயர் 'லா ஸோலிதா ஃபோர்மா', அதாவது வழக்கமான வடிவம். அந்தப் பெயர் கிடைத்த கதை சுவையானது. லிவோர்னோவில் பிறந்து மருத்துவம் படித்து இசை விமர்சகரான அப்ராமோ பஸேவி, 1859-இல் வெர்டியின் ஓபராக்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 'ரிகோலெட்டோ'வில் வரும் ஒரு இருவர் பாடலைப் பேசும்போது, வழக்கமான வடிவத்தை விட்டு விலகினாலும் பயன் கிட்டும் என்பதற்கு இது சான்று என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, அந்த வழக்கம் எது என்று நான்கு பகுதிகளையும் பெயரிட்டார். ஊரறிந்த வழக்கத்தை யாரும் எழுதிவைப்பதில்லை. அது மீறப்பட்ட இடத்தில்தான் அதற்குப் பெயர் சொல்லும் தேவை வந்தது.

பஸேவியின் அந்தச் சொல்லைத் தூசிதட்டி 1987-இல் ஒரு கட்டுரையில் ஆய்வின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் பிரின்ஸ்டன் பேராசிரியர் ஹெரால்ட் பவர்ஸ். இந்தப் பெயர் நம் ஊர் இசை ஆய்வாளர்களுக்குப் புதிதல்ல. தென்னிந்திய ராக முறையின் பின்னணியைப் பற்றி 1959-இல் முனைவர் பட்டத்துக்கு எழுதியவர்; சென்னைக்கு வந்து கர்நாடக இசை பயின்றவர். ஒரு ராகத்தில் அடுத்து என்ன சஞ்சாரம் வரக்கூடும் என்று கேட்பவரின் மனம் முன்னே ஓடிக்கொண்டே இருக்கும். பாடகர் அந்த எதிர்பார்ப்போடு விளையாடுவார். அதை உள்ளே நின்று பார்த்த ஒருவர் மிலானின் ரசிகருடைய எதிர்பார்ப்பைத் தேடிப் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வெர்டி எதை எழுதினார் என்பதோடு, எதை எழுதுவார் என்று கூட்டம் காத்திருந்தது என்பதையும் அவர் சேர்த்துப் படித்தார்.

பஸேவி காட்டிய அந்தப் பாடலைக் கிட்டத்தில் பார்ப்போம். கூனனான அரசவைக் கோமாளி ரிகோலெட்டோ, ஒரு தகப்பனின் துயரத்தைக் கேலி செய்து அவருடைய சாபத்தை வாங்கிக்கொண்டு இரவில் வீடு திரும்புகிறான். சந்தில் ஸ்பராஃபுசிலே என்ற கூலிக் கொலைகாரன் வழிமறித்துத் தன் தொழிலை விளம்பரம் செய்கிறான். நியாயமாக இங்கே மோதல், நிதானம், திருப்பம், கபலெத்தா என நான்கும் வரவேண்டும். ஒன்றும் வரவில்லை. மெட்டு முழுவதையும் ஒலி அடக்கப்பட்ட ஒரு செல்லோவும் ஒரு டபுள் பாஸும் வாசிக்கின்றன. மேலே இரண்டு பேரும் தாழ்ந்த குரலில், விலை எவ்வளவு, இடம் எங்கே என்று பேசிக்கொள்கிறார்கள். உணர்ச்சிக்காக நேரம் நிற்கவே இல்லை. வியாபாரத்துக்கு எதற்கு நிற்கவேண்டும்? தன் பெயரைச் சொல்லி, அடித்தொண்டையின் கடைசிப் படியைத் தொட்டுவிட்டுக் கொலைகாரன் இருட்டில் கலக்கிறான்.

'ரிகோலெட்டோ' வெனிஸின் லா ஃபெனிசே அரங்கில் 1851 மார்ச் 11 அன்று மேடையேறியது. மூலம் விக்டர் ஹ்யூகோவின் நாடகம். பாரிசில் 1832-இல் ஒரே ஒரு தடவை நடந்ததும் தடைசெய்யப்பட்டது. ஒழுக்கங்கெட்ட அரசன், அவனைக் கொல்ல ஆள் வைக்கும் கோமாளி. வெனிஸை ஆண்ட ஆஸ்திரியத் தணிக்கையும் 1850 டிசம்பரில் மறுத்தது. அரங்கத்துக்குப் பருவம் நெருங்கிவிட்ட பதற்றம். லிப்ரெட்டோ எழுதிய பியாவே, ஆபத்தானதையெல்லாம் நீக்கி ஒரு சாதுவான பிரதி தயாரித்தார். கோமாளிக்குக் கூன் இல்லை. கடைசிக் காட்சியில் பிணத்தைப் போட்டுக் கட்டும் சாக்கும் இல்லை.

டிசம்பர் 14 அன்று அரங்கத்தின் தலைவருக்கு வெர்டி எழுதிய கடிதம் நாடகக்கலைப் பாடநூலாக வைக்கத் தகுந்தது. ஆளும் பிரபு கட்டற்ற அதிகாரம் உள்ள காமுகனாக இல்லாவிட்டால் அந்தத் தகப்பனின் சாபத்துக்கு அர்த்தமே இல்லை என்று வாதிடுகிறார். வெளியே கோரம், உள்ளே பாசம், அந்த முரணுக்காகவே இந்தக் கதையை எடுத்தேன். கூனை நீக்கினால் எனக்கு என்ன மிச்சம் என்கிறார். சாக்கு இருந்தால் காவல்துறைக்கு என்ன வலிக்கிறது என்றும் கேட்கிறார். கடைசியில் ஒரு பேரம் படிந்தது. பிரான்சின் அரசன் மான்டுவாவின் பிரபு ஆனான், பெயர்கள் மாறின. கூனும் சாக்கும் பிழைத்தன.

தணிக்கையால் ஒரு காட்சி போயிற்று, அதனால் விளைந்ததையும் சொல்லவேண்டும். ஹ்யூகோவின் நாடகத்தில் கோமாளியின் மகள் ஓர் அறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொள்வாள். அது அரசனுடைய அறை, அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுப்பான். இதை மேடையில் காட்ட வழியில்லை. இரண்டாம் அங்கம் அதற்குப் பதிலாகப் பிரபுவின் ஆரியாவோடு தொடங்குகிறது: கடத்தப்பட்ட பெண்ணை எண்ணி நிதானமாக உருகுகிறான்; சபையினர் வந்து அவளைத் தூக்கிவந்ததே நாங்கள்தான் என்கிறார்கள்; உடனே கபலெத்தா. 'ரிகோலெட்டோ' முழுவதிலும் வழக்கமான வடிவம் அதன் எல்லா உறுப்புகளோடும் நிறைவாக வரும் தனிப்பாட்டு இது ஒன்றுதான். விதிகள் எல்லாம் அயோக்கியனுக்கு அனுகூலமாக இயங்குகின்றன. சில நிமிடம் கழித்து மகள் ஜில்தாவைத் தேடி வரும் ரிகோலெட்டோ அதே மண்டபத்தில் பாடும்போது வரிசை தலைகீழாகிறது. வேகமான சீற்றத்தில் தொடங்கி, சரிந்து, கடைசியில் நிதானமான கெஞ்சலில் முடிகிறான். அவனுக்குக் கபலெத்தா கிடையாது. அந்த மண்டபத்தில் அவனுக்கு எந்த முறைமையும் செல்லாது. 20-ஆம் நூற்றாண்டின் பல மேடைகளில், பழைய சம்பிரதாயம் என்று பிரபுவின் கபலெத்தாவை வெட்டிவிட்டார்கள். சற்று முன்னால் பிரபுவுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்காவிட்டால், இவனுக்குக் கிடைக்காமல் போனது காதில் எப்படி ஏறும்?

நாடகம் மேடையேறிய மறுவருடம் புகழ்பெற்ற பாடகி டெரேசா டி ஜூலி போர்ஸியின் கணவர் 'ரிகோலெட்டோ'வுக்குக் கூடுதலாக ஓர் ஆரியா எழுதித் தரும்படி வெர்டியைக் கேட்டார். பெட்டி ஆரியாவின் பேரப்பிள்ளை. வெர்டி மறுத்தார், இந்த நாடகத்தை ஆரியாவும் அங்க முடிவுக் கூட்டுப்பாடலும் இல்லாமல், இருவர் பாடல்களின் முடிவில்லாத சங்கிலியாகவே நினைத்தேன் என்பது அவர் பதில்.

இந்த மாதிரிக் கடிதங்கள், ஒப்பந்தங்கள், கையெழுத்துப் பிரதிகள் இல்லாமல் இத்தாலிய ஓபராவைப் படிக்க முடியாது. ரிகோர்டி பதிப்பகம் 1808-இல் தொடங்கியது. அதன் ஆவணக்காப்பகம் மிலானில் இருக்கிறது. வெர்டியின் செம்பதிப்பு வரிசையில் முதலாக வந்தது 'ரிகோலெட்டோ', 1983-இல். தேடினால் ஒரு முழு ஓபராவே கிடைக்கும் என்பதற்கு ரோஸினியின் 'ரெய்ம்ஸ் பயணம்' சாட்சி. பிரான்சின் பத்தாம் சார்லஸ் முடிசூட்டலுக்காக 1825-இல் பாரிசில் சில தடவை நடந்தது. ரோஸினியே அதைத் திரும்பப் பெற்று, அதன் இசையில் நிறைய எடுத்து வேறோர் ஓபராவுக்குள் போட்டுக்கொண்டார். தொலைந்ததாகவே எண்ணியிருந்தார்கள். அவர் கைப்பட எழுதிய தாள்கள் ரோமின் சாந்தா செசிலியா நூலகத்தில் அகப்பட்டு, மற்ற நகரங்களில் கிடைத்த துண்டுகளோடு ஒட்டவைக்கப்பட்டன; 1984-இல் பெஸாரோவில் கிளாடியோ அபாதோ அதை நடத்தினார். தாள் ஒட்டும் வேலையை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் அந்த ஒலிப்பதிவைக் கேட்கவேண்டும்.

சாக்குக்கு வருகிறேன். 'ரிகோலெட்டோ'வின் மூன்றாம் அங்கம், ஆற்றங்கரையில் ஒரு பாழடைந்த சத்திரம். பிரபு மாறுவேடத்தில் வந்து மது கேட்டு, பெண்களின் நிலையில்லாத மனத்தைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுகிறான். நான் முதலில் சொன்னதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இது நிஜமாகவே பாட்டு. அவன் பாடுகிறான் என்பது அவனுக்குத் தெரியும், சுவருக்கு வெளியே நிற்பவர்களுக்கும் தெரியும். கித்தார் மீட்டுவதுபோல எளிய பக்கவாத்தியம், இரண்டு சரணம், ஒருமுறை கேட்டால் ஒட்டிக்கொள்ளும் மெட்டு. அடுத்து நால்வர் பாடல்: உள்ளே பிரபு நீளமான மெட்டில் குழைகிறான், கொலைகாரனின் தங்கை துள்ளும் சிறுசுரங்களில் சிரிக்கிறாள்; வெளியே ஜில்தாவின் குரல் விம்மி உடைகிறது, தகப்பன் கீழே பழிவாங்குவேன் என்று முணுமுணுக்கிறான். பிறகு பிரபு மாடிக்குப் போய் அதே மெட்டை முனகிக்கொண்டே தூங்கிவிடுகிறான்.

புயல். திரைக்குப் பின்னால் ஆண்கள் குழு ஒன்று வாயை மூடிக்கொண்டு முனகுவதுதான் காற்று. ஆண் உடையில் வந்து கதவைத் தட்டிய ஜில்தா பிரபுவுக்குப் பதிலாகக் குத்துப்படுகிறாள். நள்ளிரவு மணி அடிக்கிறது. ரிகோலெட்டோ மீதிப் பணத்தைக் கொடுத்து மூட்டையை வாங்கி, அதன்மேல் காலை வைத்து, உலகமே தன்னைப் பார்க்கவேண்டும் என்று கொக்கரிக்கிறான். ஆற்றில் தள்ள இழுக்கும்போது தூரத்தில் அந்த மெட்டு கேட்கிறது.

அந்த ஒரு கணத்துக்கு அது நிஜப்பாட்டாக இருந்தே தீரவேண்டும். மற்ற ஆரியாக்களில் ஒன்றை அவன் மறுபடி கேட்டிருந்தால், கதைப்படி அவன் கேட்டது யாரோ பேசிய பேச்சு, அவ்வளவுதான். மெட்டு என்று அறிந்து கேட்டதால்தான் ஆளை அடையாளம் தெரிகிறது. பாடுகிறவன் உயிரோடு இருக்கிறான். அப்படியானால் காலடியில் கிடப்பது யார்? சாக்கை நீக்கச் சொன்ன அதிகாரிகள் நீக்கச் சொன்னது இந்தக் கேள்வியை. உள்ளே இருப்பதை மறைக்க ஒரு துணி இல்லாமல் இந்த மெட்டுக்கு மேடையில் வேலையே இல்லை.

பிரபுவாகப் பாடும் டெனர் பாடகர் இப்போது மேடையில் இல்லை. பக்கத்திரைக்குப் பின்னால் நின்று, விலகிப் போகிறவனுடைய குரல்போலத் தேய்ந்து தேய்ந்து, கடைசி உச்சத்தை மெல்லப் பிடித்து விடவேண்டும். அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. கூட்டத்தின் கண்ணெல்லாம் கூனன் மேல். அந்தக் குரல் முழுதாக அடங்கிய பிறகுதான் அவன் குனிந்து சாக்கை அறுக்கிறான், மின்னல் வெட்டுகிறது.